உன் கையில ஏறின என் பிரஷர்

உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

நீ இஸ்திரி போடு. நிறுத்தாதே. போட்டுக்கிட்டே கேளு. என் ஸ்டூல் எங்க? இதுவா? இது மேல யாரு சட்டையைய்யா அடுக்கி வெச்சிருக்க? எடு. நான் உக்காரணும். லிஃப்ட் இன்னைக்கும் ஓடல. நாலு மாடி இறங்கி வந்திருக்கேன், கையில பையோட. அட, அதை ஏன் வாங்கற? அது துவைக்கற துணி இல்ல. ஊருக்குப் போற பை. வெச்சுடு.

என் மக வர்றா. மாப்பிள்ளை கார் ஓட்டிக்கிட்டு வர்றாரு. என்னைக் கூட்டிக்கிட்டுப் போக. ரெண்டு நாளைக்கு இல்லய்யா. ஒரேயடியா.

எதனால? உன்னால.

இதுக்கும் ‘ம்’தானா. இந்தக் கட்டடத்துல அத்தனை பேரும் உன்னைப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா? லாண்டரிக்காரரா, அவரு தங்கமான மனுஷன், வாயைத் திறக்க மாட்டாரு, தலையில பாறை விழுந்தாலும் தட்டிவிட்டுட்டுப் போயிடுவாரு. நானும் அப்படித்தான்யா சொன்னேன். சொன்ன வாய்லயே போடணும். அந்த மெஷின் ரிசல்ட் வந்திருச்சு. உன் கையில கட்டினேனே, அந்த மெஷின். ஏறியிருக்காம். சும்மா இல்ல. கண்டபடி ஏறியிருக்காம்.

ஒரே ஒரு நாள் என் பிரஷரைப் பாத்துக்கன்னு உன்கிட்ட குடுத்தேன். அதை இப்படியா பண்றது?

நான் எங்க தப்புப் பண்ணினேன்னு இப்பவும் எனக்குப் புரியல. இரு, மொதல்லேருந்து சொல்றேன். உனக்கு நான் காரணமே சொல்லல இல்ல? ‘ஒரு நாள் இதைக் கட்டிக்கய்யா’ன்னேன். நீயும் கையை நீட்டின. ஏன் எதுக்குன்னு கேக்கணும்யா ஒரு மனுஷன். நாளைக்கு எவனாவது கயித்தைக் கொண்டாந்தா அதுக்கும் நீட்டுவ.

போன வாரம் கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி உக்காந்திருக்கேன். எனக்கு அப்புறம் வந்தவனைக் கூப்பிட்டு உள்ள அனுப்பறாங்க. கேட்டா, அவரு ரிப்போர்ட் காட்டத்தான் வந்தாராம். நான் என்ன, ஃபேன் காத்து வாங்கவா வந்தேன்? கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான். பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தவனுக்கு மெதுவா எப்படிய்யா கேக்க வரும்? வண்டி லேட்டானா கத்தறதுக்குத்தானே எனக்குச் சம்பளமே. இன்ஜின் சத்தத்துக்கு மேல டிரைவர் காதுல விழணும். விழுந்துச்சு. வண்டி கிளம்புச்சு. முப்பது வருஷம்.

அந்தச் சண்டையோட உள்ள போனா டாக்டர் கையில பட்டையைக் கட்டறாரு. ஏறாம என்ன பண்ணும்? டாக்டரும் நல்ல மனுஷன்தான், இங்க வந்தா நிறைய பேருக்கு ஏறும் பெரியவரே, ஒரு நாள் முழுக்க மெஷினைக் கட்டிக்கிட்டு வீட்டுல இருங்க, நிஜமா எப்படி இருக்குன்னு பாத்துரலாம்னாரு. டப்பாவை இடுப்புல மாட்டணும். பட்டை கையில. அது பாட்டுக்கு அப்பப்ப உப்பும், பிடிக்கும், விடும். பிடிக்கும்போது கையை ஆட்டக் கூடாது, பேசக் கூடாதுன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. பேசக் கூடாதா? அங்கயே எனக்குப் பாதி ஏறிருச்சு.

என் மக பக்கத்துல நிக்கறா. வெளிய வந்ததும் சொல்றா, அப்பா, இந்த மெஷின் நல்லா இருக்குன்னு காட்டினா நீங்க உங்க வீட்டுலயே தனியா இருங்க, நான் இனிமே அந்தப் பேச்சே எடுக்கல. ஏறியிருக்குன்னு காட்டினா எங்க வீட்டுக்கு வந்துடணும். மறு பேச்சு கிடையாதுன்னா. அவ அவங்க அம்மா மாதிரி. சொன்னா சொன்னதுதான்.

அவ வீட்டுக்குப் போனா என்னன்னு கேப்ப. நீ கேக்க மாட்ட. நானே சொல்றேன்.

மாப்பிள்ளை நல்லவரு. அதுதான்யா பிரச்சினை. குடிக்கறவரா இருந்தா திட்டலாம். சோம்பேறியா இருந்தா குத்திக் காட்டலாம். இவரு என்ன பண்றாரு தெரியுமா? ஆபீஸ் ஆபீஸா போயி, அமைதியா இருக்கறது எப்படின்னு கிளாஸ் எடுக்கறாரு. நிஜமா. அதுக்குக் கூப்பிட்டுக் காசு குடுக்கறாங்க. கஷ்டங்கள் ஒண்ணு மேல ஒண்ணா வரும்போது மனசைத் தளர விடாம இருக்கறதுக்குப் படம் போட்டுக் காட்டறாரு. எனக்கும் காட்டினாரு. ஒரு மலை, ஒரு ஏரி, ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனுக்கு என்ன, ஏரிக்கரையில உக்காந்திருக்கான். அவனைக் கொண்டாந்து எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் பக்கத்துல உக்கார வெச்சுப் பாக்கணும்.

அவங்க வீட்டுல ஒரு வாரம் இருந்திருக்கேன். குக்கர்கூட அங்க மரியாதையாத்தான் விசில் அடிக்கும். விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, மாமா, வாங்க, மூச்சு விடலாம்பாரு. நான் என்ன, அதுவரைக்கும் விடாமலா படுத்திருந்தேன்? ஒரு நாள் அவங்க சமையல்கட்டுல குழாய் பிச்சுக்கிட்டுப் போச்சு. தண்ணி ஹாலுக்கு வருது. நான் வாளி வாளின்னு கத்தறேன். அவரு கண்ணை மூடிக்கிட்டு, மாமா, பிரச்சினையை ஒரு மேகமாப் பாருங்க, வரும், போயிடும்ங்கறாரு. மேகம் சோபாவுக்கு அடியில வந்துருச்சுய்யா. கடைசியில நான்தான் வால்வைத் தேடி மூடினேன்.

கோவத்துல கதவைச் சாத்தலாம்னு பாத்தா அதுக்கும் வழியில்ல. கதவு பூரா ரப்பர் ஒட்டி வெச்சிருக்காரு. படார்னு அடிச்சேன். ‘புஸ்’ன்னுச்சு. அந்த வீட்டுல ஒரு மனுஷன் எப்படிய்யா கோவப்படறது?

அதான் யோசிச்சேன். மெஷினுக்குத் தேவை ஒரு கை. யாரு கைன்னு அது கேக்கவா போகுது?

பட்டையோட கிளினிக்லேருந்து வந்தேன். மகளை அனுப்பிட்டேன். படியில நின்னு ஒவ்வொரு வீடா யோசிச்சேன். ரெண்டாவது மாடி டீச்சரம்மா? ம்ஹும். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது அந்தம்மா பல்லைக் கடிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். எதிர்த்த மெடிக்கல் ஷாப்காரன்? எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம். அவ்வளவு சிரிக்கறவனுக்கு உள்ள ஏதோ இருக்கு, வேண்டாம். அப்புறம் உன் கடைப் பக்கம் பாத்தேன்.

அப்ப என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அந்த ஆளு நின்னு கத்திக்கிட்டிருந்தான். கல்யாணத்துக்குப் போடற கோட்டு குடுத்தவன். கோட்டு காணோம், கல்யாணம் நெருங்கிருச்சு, நீயெல்லாம் எதுக்குய்யா கடை வெச்சிருக்கன்னு உன் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டறான். பின்னாடி பாய்லர் ஒழுகி, அடியில வெச்ச வாளி ரொம்பி வழியுது. வேலைக்கு இருந்த ஆளு காலையிலதான் போன்ல, நாளையிலேருந்து வரலேன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். அந்தப் பக்கம் ஹோட்டல்லேருந்து வந்த படுக்கை விரிப்பு, கூரை வரைக்கும் குவிஞ்சு கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள வேணுமாம். நீ என்ன பண்ணின? கோட்டுக்காரன் கத்தி முடிக்கற வரைக்கும் காலரை நீவிக்கிட்டே இருந்த. முடிச்சதும் ‘ம்’ன. வாளியைத் தூக்கிக் கொட்டிட்டு வந்த. அடுத்த சட்டையை எடுத்த.

ஆகா, இவன்தான்யா ஆளுன்னேன். மாப்பிள்ளை காட்டின படத்துல ஏரிக்கரையில உக்காந்திருந்தானே, அவனே கடை வெச்சிருக்கான், நம்ம கட்டடத்துக்குக் கீழயேன்னேன்.

கட்டிவிட்டேன். இடது கை, நீ இஸ்திரிப் பெட்டி பிடிக்கறது வலது கை. ஆடக் கூடாது, அது உப்பும்போது அப்படியே நின்னுடுன்னேன். நீயும் நின்ன. பெட்டியைச் சட்டை மேல வெச்சபடியே நின்ன. நான் பெட்டியைத் தூக்கிட்டு நில்லுன்னு சொல்லல, என் தப்புதான், அதுக்காக? காலர் கருகிப் போச்சு. புகை வருது. நீ அந்தக் காலரைப் பாத்த. என்னைப் பாத்த. ‘ம்’ன. மெஷின் வேற நல்ல பிள்ளையாட்டம் ‘பீப்’ன்னுச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. மக இனிமே வாயே திறக்க முடியாதுன்னு மேல போயிட்டேன்.

எனக்கு அன்னைக்கு ஒரு நாள் விடுதலைய்யா. கையில பட்டை இல்ல. மேல போயி சாவியைப் போட்டுத் திருகறேன், பூட்டுக்குள்ளயே முறிஞ்சு போச்சு. பூட்டுக்காரனுக்குப் போன் பண்ணினா, இதோ வந்துட்டேங்கறான். அந்த ‘இதோ’ எங்கயோ சாப்பிட்டுக்கிட்டிருக்கு, எனக்குக் கேக்குது மெல்லற சத்தம். கத்தினேன். வந்தான். உள்ள போனா தண்ணி வரல. மோட்டார் போடறவன் மறந்துட்டான். மாடிப்படி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு கீழ பாத்துக் கத்தினேன். தண்ணி வந்துச்சு. லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டேன். மெஷின் பேசுது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு. முக்கியம்னா எடுங்கடான்னேன். எடுக்கல. லிஃப்ட் மட்டும்தான் சரியாகல, பாரு. மெஷின்கிட்ட கத்தினா வேலைக்காகாது. மனுஷன் வேணும்.

அப்புறம் ரொட்டியைப் பாலுல தொட்டுச் சாப்பிட்டேன். படுத்தேன். கட்டை மாதிரி தூங்கிட்டேன். இவ்வளவு நடந்த நாள்ல வேற ஒருத்தனுக்குத் தூக்கம் வருமா? எனக்கு வந்துச்சு.

காலையில உன்கிட்டேருந்து கழட்டி, என் கையில கட்டிக்கிட்டு, கிளினிக்ல கொண்டு போயி நீட்டினேன். சாது மாதிரி. நர்ஸ் பொண்ணு கழட்டிட்டு, இருங்க தாத்தா, ஒரு தடவை பாத்துடறேன்னு சும்மா வேற மெஷின்ல பாத்துச்சு. அன்னைக்கு டோக்கன் சண்டை இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. சின்னப் பையன் பிரஷர் மாதிரி இருக்குன்னுச்சு.

அங்கதான்யா மாட்டினேன்.

டாக்டர் ரெண்டையும் சேத்துப் பாத்திருக்காரு. இங்க வந்து பாத்தா நல்லா இருக்கு. வீட்டுல இருக்கும்போது தாறுமாறா இருக்கு. என் மகளுக்குப் போன் போட்டு என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? சிரிக்கக் கூடாது. உங்கப்பா எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டுப் பூட்டிக்கற ஆளு. வெளிய காட்டிக்க மாட்டாரு. உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருக்காரு. யாருகிட்டயும் வாய் விட்டுப் பேசறதில்ல போலருக்குன்னு.

என்னை. என்னைய்யா சொல்லியிருக்காரு.

அவ அதை நம்பிட்டா. அதைத்தான்யா என்னால தாங்க முடியல. போன்ல அழறா. அப்பா, நீங்க கத்தறதெல்லாம் மேலுக்குத்தான், உள்ள இவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே, நான் உங்ககிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேனேங்கறா. கல்யாணம் ஆகிப் போனப்பகூட அழாதவ அவ. சரிம்மா, சரிம்மான்னேன். பையைக் கட்டுங்கப்பா, மத்தியானம் வந்துடறேன், இனிமே உங்களைத் தனியா விட மாட்டேன்னா. கட்டிட்டேன்.

போனை வெச்சதும் உன் மேலதான் கோவம் கோவமா வந்துச்சு. இறங்கி வந்து உன்னை நாலு கேள்வி கேக்கணும்னு கிளம்பினேன். மூணாவது மாடித் திருப்பத்துல நின்னுட்டேன். முட்டி வலிக்காக இல்ல.

அப்பத்தான் உறைச்சுது.

அந்தப் பெட்டியைக் கீழ வை.

வைய்யான்னா. விரிப்பு எங்கயும் ஓடிடாது. வெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பு. நான் சொன்னது உனக்கு விளங்குச்சா? அது என் பிரஷர் இல்ல. என்னோடது சின்னப் பையனோடது மாதிரி இருக்கு. கண்டபடி ஏறியிருக்கறது உன்னோடது.

‘ம்’மாம். ‘ம்’முன்னா என்னய்யா அர்த்தம்? இவ்வளவு நாளா நீ ம்மு ம்முன்னு சொன்னதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? நான், ‘அட போடா, இதெல்லாம் எனக்குத் தூசு’ன்னுல்ல எடுத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு. டாக்டர் மகளை ரொம்பப் பயமுறுத்தினது பகல்ல ஏறினதுக்கு இல்ல. பகல்ல எவனுக்கும் ஏறும். தூங்கும்போது இறங்கணுமாம். எல்லாருக்கும் இறங்குமாம். இதுல இறங்கவே இல்லயாம். அதைப் பாத்துட்டுத்தான், உடனே மாத்திரை ஆரம்பிக்கணும், இன்னைக்கே கூட்டிக்கிட்டு வாங்க, லேசா விடாதீங்கன்னிருக்காரு. நான் கட்டை மாதிரி தூங்கின ராத்திரிய்யா அது. நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?

சொல்லு. நான் வாயை மூடிக்கறேன்.

...

அந்தக் கல்யாணக் கோட்டைத் தேடினியா? ராத்திரி பூரா? அத்தனை மூட்டையையும் பிரிச்சா? பிரிச்சுட்டு மறுபடி கட்டினியா? அந்தப் பட்டையோடயா? ஏய்யா, அது உப்பும்போது நின்னியா, இல்ல...? நின்னியா. மூட்டையைக் கையில வெச்சுக்கிட்டே நின்னியா. உன்னை நான் என்னய்யா பண்ணட்டும்.

கிடைச்சுதா? இல்ல. சரி. கிடைக்கல. ஒரு கோட்டு கிடைக்கல. வேற ஒருத்தனுக்கு மாறிப் போயிருக்கும், அவன் அதைப் போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துல நிக்கறானோ. எங்க டிப்போவுல ஒரு பஸ்ஸே காணாமப் போயிருக்கு. நிஜமா. நம்பர் மாத்திச் சொல்லி, வேற டிப்போக்காரன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். நான் கத்தின கத்துல அவன் பாதி வழியிலேருந்து திருப்பிக்கிட்டு வந்தான்.

வீட்டுல உன் சம்சாரத்துக்குத் தெரியுமா, இந்தக் கோட்டு விஷயம்? தெரியாது. பாய்லரு? தெரியாது. வேலையாளு நின்னது? அதுவும் தெரியாது. ஏன், பயப்படுவாங்கன்னா? நல்ல ஆளுய்யா நீ. அவங்க பயப்படக் கூடாதுன்னு நீ மொத்தமா வாங்கி வெச்சிருக்க.

என்ன, கழுத்தைத் தடவற? வலிக்குதா? எங்க, பிடரியிலயா? எப்பேருந்து? காலையில எழுந்தாவா. தினமுமா? இதை எப்பய்யா சொல்ற? மூணு மாசமா நான் தினம் இந்த ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிக்கறேன். உன் கடை ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஊர்ல இருக்கற எல்லாத்தையும் திட்டறேன். ஒரு நாள், ‘பெரியவரே, கொஞ்சம் வாயை மூடுங்க, எனக்குப் பிடரி வலிக்குது’ன்னு சொல்றதுக்கு என்ன?

கிளம்பு. மக கார் வரும். அதுல நான் போகல, நீ போற. டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. என் பேருக்குத்தான் காத்திருக்காரு, பரவாயில்ல, போயி கையை நீட்டு, அதுவே சொல்லும்.

தலையை ஆட்டற. என்ன, விரிப்பா? ஹோட்டல்காரனுக்கு இன்னைக்கும் சாயங்காலம் குடுக்கணுமா? குடுக்கலாம். நான் உக்காந்து மடிக்கறேன். ஏன், எனக்கு மடிக்கத் தெரியாதா? பெட்டியைத் தொட மாட்டேன், தொட்டா என்ன ஆகும்னு காலரைப் பாத்து உனக்குத் தெரியும். மடிப்பேன், அடுக்குவேன். வர்றவங்களுக்குப் பதில் சொல்வேன். அதுல எனக்குக் குறையே இருக்காது.

மறுபடி பெட்டியை எடுக்கற. வேண்டாம். நான் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். மாட்டாதே. மாட்டினா மறுபடி பிடுங்குவேன். மாட்டிட்டியா? இந்தா, பிடுங்கியாச்சு. எனக்கு வேற வேலையில்ல, சாயங்காலம் வரைக்கும் பிடுங்குவேன். கோவம் வருதா? வரட்டும். திட்டு. ஒரு தடவை திட்டிப் பாரு. ‘யோவ் கிழவா’ன்னு ஆரம்பி. மிச்சம் தானா வரும்.

‘பெரியவரே, கொஞ்சம்...’ அது திட்டா? அது விண்ணப்பம்.

நான் ஒண்ணும் எப்பவும் கத்திக்கிட்டே இருன்னு சொல்லல. நான் கத்தறதும் பாதி சும்மா. பாதி இல்ல, முக்கால்வாசி. வீட்டுல பேச ஆளில்ல, அதனால லிஃப்ட்டோட பேசறேன், அவ்வளவுதான். ஆனா எதுவும் எனக்கு மறுநாள் வரைக்கும் இருக்கறதில்ல. காலையில எழுந்தா காலியா இருக்கும். நீ ஒவ்வொரு நாளும் அடுக்கி அடுக்கி வெச்சிருக்க, இந்த விரிப்பு மாதிரி. கூரைக்கு மேல எங்க போவ?

மாப்பிள்ளை மாதிரி பேச ஆரம்பிச்சுட்டேன். சே. இதுக்குத்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டாங்கறது.

ஹாரன் சத்தம். அவங்கதான். பாரு, அந்த ஹாரன்கூட இருமற மாதிரி அடிக்கறாரு. நீ அங்கயே நில்லு. நான் என் மககிட்ட பேசிட்டு வர்றேன். ப்ளக்கைத் தொடாதே.

வாம்மா. ஏன் ஓடி வர்ற, மெதுவா. எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா, நான் சொல்றது நிஜமாவே ஒண்ணுமில்ல. அழாதே. கண்ணைத் துடை. பையை எடுக்க வேண்டாம் மாப்பிள்ளை, அங்கயே இருங்க, வண்டியை ஆஃப் பண்ணாதீங்க.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கையை விடு, மொதல்ல கேளு. அப்புறம் பிடிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்க. அந்த மெஷின் இருக்குல்ல? அது... அன்னைக்கு என் கையில இல்ல. கழட்டிட்டேன். நீ தெருமுனை தாண்டினதும் கழட்டிட்டேன். வேற ஒருத்தருக்குக் கட்டினேன். இதோ இவருக்குத்தான். லாண்டரிக்காரருக்கு. இவரு ரொம்ப அமைதியான மனுஷன்னு நினைச்சேன், அதனால. டாக்டர் சொன்னதெல்லாம் இவரைப் பத்தி. உள்ள கொதிக்கறது, ராத்திரி இறங்காதது, எல்லாம் இவரு. நான் எதையும் உள்ள வெச்சுக்கல. உனக்கே தெரியும், உள்ள வெச்சுக்கற ஆளா நான்?

என்னை அப்படிப் பாக்காதே. மொதல்ல இவரை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகணும். தினமும் பிடரி வலியாம். போக மாட்டேங்கறாரு, விரிப்பு விரிப்புங்கறாரு. நீயாவது சொல்லு. யோவ், இங்க வா. என் மக சொல்றா, கேளு... யோவ்.

எங்க போயிட்டான்?

பெட்டி இருக்கு. பாய்லரை நிறுத்தியிருக்கான். வாளியைக்கூடக் கொட்டி வெச்சிருக்கான். அலமாரிச் சாவியை ஸ்டூல் மேல வெச்சிருக்கான். இப்பத்தான்ம்மா இங்க நின்னான்... அட. கார்ல உக்காந்திருக்கான். முன் சீட்ல. சீட் பெல்ட்டுகூடப் போட்டுட்டான். அந்தப் பக்கமா எப்பப் போனான்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாது?

பயந்துட்டான்ம்மா. நல்லது. பயப்படட்டும்.

மாப்பிள்ளை, அவரு யாருன்னு அப்புறம் சொல்றேன். நேரா நம்ம டாக்டர்கிட்ட விடுங்க. மேகத்தைப் பத்தியெல்லாம் பேசாதீங்க. இல்ல, பேசுங்க. அவருக்கு யாராவது பேசிக்கிட்டிருந்தா பழக்கம்தான். வழியில அவரு சம்சாரத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. மாட்டேன்பாரு, நீங்களே நம்பரை வாங்கிப் போடுங்க. கிளம்புங்க, கிளம்புங்க. சிக்னல்ல யாருக்கும் வழி விட்டுக்கிட்டு நிக்காதீங்க.

நீ போகலயாம்மா? இங்கயே இருக்கப் போறியா. சரி. உக்காரு, ஸ்டூல் இருக்கு. நான் இந்த மூட்டை மேல உக்காந்துக்கறேன். கடையைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். இதெல்லாம் ஹோட்டல் விரிப்பு. அவரு வர்றதுக்குள்ள மடிச்சு வெச்சா போதும். அந்த முனையைப் பிடி. இழு. ம், சேத்துக் கொண்டா.

எனக்கு மறுபடி மெஷின் கட்டணும்னா கட்டிக்கறேன். நீயே கட்டு, நீயே பக்கத்துல உக்காந்து பாரு. உங்க வீட்டுலயே வேணும்னாலும் சரி. ஒரு நாள் மூச்சு விட்டுட்டு வர்றேன், செத்தா போயிடுவேன்?

அடுத்ததை எடு. இப்படி இல்ல, நீளத்துக்கு.

என்னம்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற. காலையில போன்ல அப்படி அழுத. நான் பண்ணினது தப்புதான். ஏமாத்தினேன்தான். அந்த மனுஷனையும் சேத்துப் பணயம் வெச்சேன், அவனுக்குத் தெரியாம. திட்டேன். எப்பவும் திட்டுவியே, ‘உங்களுக்கு எப்பத்தான்பா புத்தி வரும்’னு, அதையாவது சொல்லு. விரிப்பையே பாத்துக்கிட்டிருக்கியே. இவ்வளவு மெதுவா நீ எதையும் மடிச்சு நான் பாத்ததில்ல.

ஏம்மா. பேசு. உள்ள வெச்சுக்காதேம்மா, எனக்குப் பயமா இருக்கு.

...

ஆங். அப்படித் திட்டு. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. தெருவுல போறவங்களுக்குக் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். சொல்லு, நான் மடிச்சுக்கிட்டே கேக்கறேன்.